கார்னெட் கல்லும் வயலில் படியும் துருவும்

பெருமழை ஓய்ந்த மறுநாட் காலையில் தேயிலை மலையின் கான் ஒன்றின் அடியை உற்று நோக்குவோருக்கு ஒரு காட்சி புலப்படும். வெண்மணல் ஒரு புறம் ஒதுங்கியிருக்க, நீர் வளைந்து வேகம் தணியும் இடத்திற் கருஞ்சிவப்பு மணல் ஒரு கீற்றாகப் படிந்திருக்கும். ஹற்றன், தலவாக்கலை, கொத்மலை, வலப்பனை ஆகிய பகுதிகளில் இது பலரும் கண்டு பழகியதொன்றே. எனினும் அம்மணல் யாது, எங்கிருந்து வந்தது, அதற்கும் அடிவாரத்து வயலில் நெற்பயிர் செந்நிறமாகிக் கருகுவதற்கும் என்ன தொடர்பு என்பவற்றைக் கமக்காரர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தொடர்பை விளக்குதலே இவ்வெளியீட்டின் நோக்கமாகும்.

அம்மணலில் ஒரு பிடி எடுத்துச் சிரட்டையில் இட்டு, நீர் விட்டுச் சுழற்றி அரித்துப் பாருங்கள். வெண்மணல் நீரோடு வெளியேறும். சிவப்பு மணல் அடியில் நிற்கும். நீரின் பாரம் 1 எனின் வெண்மணலின் பாரம் 2.65 ஆகும், சிவப்பு மணலின் பாரமோ 4க்கு மேற்பட்டது. அடியில் தங்கியதை உலர்த்திச் சாதாரணக் காந்தம் ஒன்றைக் காட்டினால், அதிற் கலந்துள்ள கரிய இரும்புத் தாதின் பொடி காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாது எஞ்சும் செம்மணிகளே கார்னெட் எனப்படும் கனியம். மாதுளையின் விதையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. மாதுளை முத்தைக் கண்டவர் எவரும் இப்பெயர் பொருத்தமானதன்று எனக் கூறார்.

கார்னெட் என்பது ஒரே கல்லின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். நவரத்தினங்களுள் ஒன்றாகிய கோமேதகமும் இக்குடும்பத்தையே சேர்ந்தது. ஆனால் கோமேதகத்தில் இருப்பது சுண்ணாம்புச் சத்தாகிய கல்சியம். நம் மலைப்பாறைகளில் மிகுதியாக உள்ள செங்கருமை நிறக் கார்னெட்டிலோ கல்சியத்தின் இடத்தைப் பெரும்பாலும் இரும்பு பிடித்துள்ளது. இதனை அல்மந்தின் என்பர். சின்னாசியாவிலிருந்த அலபாண்டா என்னும் பண்டைய நகரின் பெயரால் அவ்வாறு அழைக்கப்படுகின்றது. இரும்பு மூன்று பங்கு, அலுமினியம் இரண்டு பங்கு, சிலிக்கன் மூன்று பங்கு, ஒட்சிசன் பன்னிரண்டு பங்கு என்ற அணுக் கணக்கில் இஃது அமைந்துள்ளது. நிறையிற் சொல்வதாயின், தூய அல்மந்தினில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரும்பு. நூறு இறாத்தல் கல்லில் முப்பத்துமூன்று இறாத்தலுக்கும் சற்று அதிகமான இரும்பு இருக்கின்றது என்றால், அக்கல் உக்கும்போது அந்த இரும்பு எங்கே போகும் என்னும் கேள்வி தானாகவே எழும்.

அதன் வன்மையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். கத்தியால் அதிற் கீறல் விழாது. அதுவே கண்ணாடியைக் கீறும். மைக்கா ஏடு ஏடாகப் பிரிவது போல இது பிரிவதில்லை. உடைந்தால் ஒழுங்கற்ற கூரிய விளிம்புகளைத் தரும். இதனாலேயே தச்சர் மரத்தை மெருகிடும் தேய்ப்புத் தாள்களில் கார்னெட் தூளை ஒட்டிப் பயன்படுத்துகின்றனர். முழுமையாக வளர்ந்த மணி பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு முகங்களைக் கொண்டிருக்கும். தெருவோரத்திற் புதிதாக வெட்டிய பாறை முகப்பில் மிளகளவிலும், சில இடங்களிற் பாக்களவிலும் இம்மணிகள் பதிந்திருப்பதைக் காணலாம்.

இதனை மாணிக்கம் என மயங்கி மகிழ்ந்தோர் உண்டு. மாணிக்கம் இதனினும் மிகக் கடினமானது. அதில் இரும்பு மிகச் சிறிதளவே இருக்கும். பொகவந்தலாவைப் பகுதியில் இரத்தினக்கல் கிடைப்பது மெய்யே. ஆயினும் சிவப்புக் கல் ஒன்றைக் கண்டவுடன் ஓடைக்கரையை அலவாங்கு கொண்டு தோண்டுவது வரம்பையும் வாய்க்காலையும் அழிக்கும் செயல். தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரமின்றி அகழ்வது சட்டத்திற்கும் மாறானது.

இனி இக்கல் தோன்றிய வரலாற்றைக் காண்போம். மலைநாட்டின் பாறைகளிற் பெரும்பகுதி முதலிற் பாறையாக இருக்கவில்லை. நீரின் அடியிற் படிந்த சேறாகவும் மணலாகவும் இருந்தது. ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அப்படிவுகள் உண்டாயின எனப் புவிச்சரிதவியலார் கணிக்கின்றனர். களியும் இரும்புத் துருவும் கலந்த அச்சேறு, பின்னர் மேற்சுமையாலும் நிலப்பரப்புகளின் மோதலாலும் பூமியின் ஆழத்திற்கு அமிழ்த்தப்பட்டது. சுமார் 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில், 20 முதல் 30 கிலோமீற்றர் வரை ஆழத்தில், 700 முதல் 900 சதமபாகை வெப்பத்தில் அது வெந்தது. வெந்தது என்பதே பொருத்தமான சொல். குயவன் சூளையில் மண் வேகும்போது ஈரத்தை இழந்து இறுகுவது போல, அங்கும் களியிலிருந்த நீர் வெளியேற்றப்பட்டது. ஆனால் குயவன் சூளையில் இல்லாத பேரழுத்தம் அங்கு இருந்தமையால் பழைய கனியங்கள் குலைந்து புதியன பிறந்தன.

அவ்வாறு பிறந்த விதம் கமக்காரர் அறிந்திருக்கத் தக்கது. களி முதலிற் கருமைக்காவாக மாறியது. கருமைக்காவில் இரும்பு, மக்னீசியம், பொற்றாசியம், சிறிது நீர் ஆகியன அடங்கியிருக்கும். வெப்பம் மேலும் ஏறவே, கருமைக்காவும் அதன் அருகே இருந்த சிலிமனைற்று என்னும் அலுமினியக் கனியமும் வெண் பளிங்குக் கல்லாகிய குவாட்சும் ஒன்றோடொன்று வினைபுரிந்தன. இரும்பும் அலுமினியமும் கூடிக் கார்னெட் ஆயின. பொற்றாசியம் வெளிறிய பெல்சுபார் என்னும் வேறொரு கனியத்திற் போய்ச் சேர்ந்தது. பாறையிற் செந்நிற மணிகளும் வெளிர் வரிகளும் அடுத்தடுத்து இருப்பதன் காரணம் இதுவே. பயிருக்குப் பெரிதும் வேண்டிய பொற்றாசியம் வெளிர் வரியில் உள்ளது. சிவப்பு மணியில் அது இல்லை. பொசுபரசும் அதில் இல்லை என்றே கொள்ளலாம். ஆகவே, மண்ணின் செந்நிறத்தைக் கண்டு மண் வளமானது என முடிவு செய்தல் ஆகாது.

இவ்வகைப் பாறைக்குக் கொண்டலைற்று என்று பெயர். ஒரிசாவின் கொண்டர் என்னும் மலைவாழ் மக்களின் பெயரால் வந்தது. இதனோடு சேர்ந்து காணப்படும் கருமை கலந்த வன்பாறைக்குச் சார்னோக்கைற்று என்று பெயர். கல்கத்தாவிலுள்ள யோப் சார்னொக் என்பாரின் கல்லறைக் கல் இவ்வகையைச் சேர்ந்ததால் அறிஞர் ஹொலண்ட் இப்பெயரை வைத்தார்; அவர் ஆராய்ந்த பாறைகள் சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களில் உள்ளவை. அதிலுள்ள ஹைப்பர்சுதீன் என்பதும் இரும்பும் மக்னீசியமும் கலந்த சிலிக்கேற்றே. இலங்கை, தென்னிந்தியா, மடகாசுகர், அந்தாட்டிக்கா ஆகியன ஒரே பெருநிலமாக இருந்த காலத்தில் இப்பாறைகள் வெந்தமையால், ஒன்றுக்கொன்று கடல் கடந்து கிடக்கும் அந்நாடுகளிலும் இவற்றை ஒத்த பாறைகள் உள. இலங்கையின் பாறைகளையும் கனியங்களையும் முறைப்படி ஆராயும் பணிக்கு 1903ஆம் ஆண்டில் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆவார். கலை நூல்களால் உலகறிந்த அப்பெரியார், இளமையில் இந்நாட்டு மலைகளிற் சுத்தியலோடு நடந்தவர் என்பதை நம்மவரிற் பலர் அறியார்.

ஆழத்தில் உண்டான பாறை, மேலிருந்தவை அரிக்கப்பட்டதால் நெடுங்காலத்திற்குப் பின் வெளியே வந்தது. கார்னெட்டிலுள்ள இரும்பு ஒட்சிசன் குறைந்த நிலையில் உள்ள இரும்பு. பாறைக்குள் அடைபட்டிருக்கும் வரை அதற்குக் கேடில்லை. மழைநீரும் காற்றும் மணியின் வெடிப்புகளில் நுழைந்ததும் அவ்விரும்பு துருவாக மாறத் தொடங்குகின்றது. சிலிக்கா சிறிது சிறிதாகக் கரைந்து ஓடைக்குச் செல்லும். அலுமினியத்தின் ஒரு பகுதி கயோலினைற்று என்னும் வெண்களியாகவும், மழை மிகுந்த இடங்களில் ஜிப்சைற்றாகவும் நின்றுவிடும். இரும்பு, நீர் ஏற்ற துருவாகிய கோதைற்றாகவோ, நீர் அற்ற ஹெமற்றைற்றாகவோ நின்றுவிடும். கோதைற்று மஞ்சட் கபிலம், ஹெமற்றைற்று செம்மை. குளிரும் ஈரமும் மிகுந்த உயர்மலை மண்ணில் மஞ்சள் சாயல் தோன்றுவதும், வெயிலேறிக் காயும் சரிவுகளிற் சிவப்பு மிகுவதும் இவற்றாலேயே. இலங்கையின் மண்வகைப் பிரிவில் இம்மலை மண்ணைச் செம்மஞ்சட் பொட்சோலிக்கு மண் என வகுத்துள்ளனர்.

புதிதாகத் தெரு வெட்டிய இடத்தில் உக்கற் பாறையை மண்வெட்டியாற் கொத்திப் பாருங்கள். கல் போன்ற தோற்றமிருக்கும். கையால் அழுத்தினால் மாவாகும். கார்னெட் மணி இருந்த இடத்தில் மணியின் வடிவம் கெடாமல் ஒரு துருக் கூடு மட்டும் நிற்கும். பழைய கடலின் களி கல்லாகி, அக்கல் மீண்டும் களியாவதை அவ்விடத்தில் ஒரே பார்வையிற் காணலாம். ஓடையில் நீரோட்டத்தால் தூய்மையாக்கப்பட்ட மணிகள் நெடுநாள் நிலைக்கின்றன; புளிப்பான ஈரமண்ணில் நெடுங்காலம் கிடப்பன உக்கிவிடுகின்றன.

இதுவரை கூறியது கல்லின் கதை. பயிருக்கு அதனால் விளைவது இரண்டு.

முதலாவது மரக்கறிச் செய்கையைப் பற்றியது. மண்ணிலுள்ள துருத்துகள்களும் அலுமினியக் களியும் பொசுபரசைக் கவர்ந்து இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையன. மண் எவ்வளவு புளிப்போ அவ்வளவுக்கு அப்பற்றும் கடுமையாகும். பழைய தேயிலை நிலத்தைத் திருத்திக் கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி பயிரிடுவோர் முதலாண்டிற் பயிர் குறளியாய் நிற்பதைக் கண்டு, பசளை போதவில்லை என்று மேலும் மேலும் இடுகின்றனர். அங்கே குறை பசளையில் இல்லை, புளிப்பில் உள்ளது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர். மரக்கறிகளோ காரகாடித்தன்மை எண் 5.5க்கும் 6.5க்கும் இடைப்பட்ட மண்ணில் நன்கு வளர்வன. அவ்வெண் 5க்குக் கீழே இறங்கினால் கார்னெட், பெல்சுபார் முதலியவற்றிலிருந்து வந்த அலுமினியமே கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். ஆகவே முதலில் மண்ணைப் பரிசோதித்து, அதற்கேற்ற அளவு தொலமைற்றுச் சுண்ணாம்பை நடுகைக்குச் சில கிழமைகளுக்கு முன்னரே இட்டுக் கொத்திப் புரட்டி விடுதல் வேண்டும். தொலமைற்றும் நம் மலைநாட்டிலேயே, திகன முதலிய இடங்களில் அகழப்படும் பாறையே.

இதற்கு மாறான தவறும் உண்டு. பல ஆண்டுகளாக உருளைக்கிழங்கும் மரக்கறியும் இடைவிடாது பயிரிடப்பட்ட நுவரெலியா நிலங்கள் பலவற்றில், மண் பற்றக்கூடிய அளவையும் கடந்து பொசுபரசு குவிந்திருப்பதை மண் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அந்நிலங்களில் மேலும் மேலும் பொசுபரசுப் பசளை இடுதல் பணத்தை ஓடையில் எறிவதற்குச் சமம்; மெய்யாகவே அது மழையில் அரிக்கப்பட்ட மண்ணோடு ஓடைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் போகின்றது. புதிதாகத் திருத்திய நிலத்துக்கும் பழைய நிலத்துக்கும் ஒரே அளவு பசளை என்னும் வழக்கத்தை யாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. 1971இற் கண்டறியப்பட்ட எப்பாவலைப் பொசுபேற்றுக் கல்மா புளிப்பு மண்ணில் மெல்லக் கரைவது; தேயிலை போன்ற நெடுங்காலப் பயிருக்கு ஏற்றது; மூன்று மாதத்தில் அறுவடையாகும் மரக்கறிக்கு அது பயன் தருமுன் பயிர் முடிந்துவிடும்.

இரண்டாவது விளைவு நெல் வயலைப் பற்றியது. இதுவே பெரிது.

காற்றுள்ள மண்ணில் துரு கரையாது. ஆதலால் பயிருக்குக் கேடு செய்யாது. வயலில் நீர் கட்டியதும் நிலைமை மாறும். நீருக்கடியில் ஒட்சிசன் தீர்ந்தவுடன், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் துருவிலுள்ள ஒட்சிசனை நாடுகின்றன. அவற்றின் செயலால் இரும்பு மீண்டும் கரையக்கூடிய நிலையை, அதாவது கார்னெட் கல்லுக்குள் அடைபட்டிருந்தபோது இருந்த அதே நிலையை, அடைகின்றது. கல்லிற் கட்டுண்டிருந்தபோது அது தீங்கற்றது. நீரிற் கரைந்திருக்கும்போது வேர் அதனை உறிஞ்சிவிடும். அடிவாரத்து வயலுக்கு இன்னுமொரு தொல்லை உண்டு. மேற்சரிவில் இறங்கிய மழைநீர் மண்ணுக்குள்ளேயே கசிந்து, வழியிற் கரைந்த இரும்பையும் சுமந்துகொண்டு, மலையடியில் ஊற்றாக வெளிப்படும். தன் வயலின் இரும்போடு மேல்மலையின் இரும்பும் சேர்ந்து ஒரே பாத்தியில் வந்து தங்குகின்றது.

இலங்கையில் நெற்பயிர் வெண்கல நிறமடைந்து அழியும் நோய் நெடுநாளாக அறியப்பட்டிருந்தது. காரணம் மட்டும் தெளிவாகவில்லை. அது பூஞ்சணத்தாலோ பூச்சியாலோ வந்ததன்று, கரைந்த இரும்பின் மிகுதியால் வந்தது என்பதை இந்நாட்டு மண் இரசாயன அறிஞர் பீலிக்ஸ் பொன்னம்பெருமவும் அவர்தம் அமெரிக்கத் துணையறிஞர் இருவரும் 1955ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் ஏட்டில் வெளியிட்டனர். பின்னர் அவர் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றி, நீர் கட்டிய மண்ணின் இரசாயனத்தை உலகிற்கு விளக்கினார். களுத்துறை, காலி, இரத்தினபுரி முதலிய ஈரவலய மாவட்டங்களின் தாழ்நில வயல்களில் இக்கேடு மிகுதி. மலைநாட்டிலும், சரிவின் கசிவுநீர் வந்து தேங்கும் அடிவயல்களில் இதனைக் காணலாம்.

அடையாளம் காண்பது கடினமன்று. கீழ் இலைகளின் நுனியிற் சிறு கபிலப் புள்ளிகள் தோன்றி அடி நோக்கிப் பரவும். பின்னர் இலை முழுதும் செம்மஞ்சளாகவோ ஊதாக் கபிலமாகவோ மாறிக் காயும். மட்டம் வெடிப்பது குறையும். பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவினால் அது குறைந்தும் தடித்தும் கருங்கபிலத் துரு பூசியும் இருக்கும். கமக்காரர் இதனைப் பசளைக் குறைவு என எண்ணி யூரியாவை எறிகின்றனர். அல்லது கபிலத்தத்தியின் எரிவு எனக் கருதி மருந்து தெளிக்கின்றனர். இரண்டாலும் செலவே மிஞ்சும். தத்தியின் எரிவு வயலின் எப்பகுதியிலும் வட்டமாகத் தோன்றலாம். ஆண்டுக்காண்டு இடம் மாறும். இரும்பின் கேடு ஒவ்வொரு போகமும் அதே மூலையில், மலையடியை ஒட்டிய பாத்தியில் தோன்றும்.

நீரையும் சோதிக்கலாம். நீரின்மேல் எண்ணெய் படர்ந்தது போன்ற பளபளப்பு இருப்பின் ஒரு குச்சியால் அதனைத் தொடுங்கள். எண்ணெயாயின் விலகி மீண்டும் கூடும். இரும்பாலாகிய ஏடாயின் ஓடு உடைந்தாற் போலத் துண்டு துண்டாகப் பிரியும். இன்னுமொரு சோதனைக்கு வேண்டியது ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஊற்றுநீரை வெண் கோப்பையில் எடுத்துச் சிறிது நேரம் காற்றுப்பட வைத்து, பால் சேர்க்காத தேயிலைச் சாயம் சிறிதளவு விடுங்கள். இரும்பு மிகுந்த நீர் மை போலக் கறுக்கும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்த்து மை செய்த நம் முன்னோர் கண்டதும் இதே வினைதான். அளவை இதனால் அறிய முடியாது. உண்டு, இல்லை என்பதை அறியலாம்.

பரிகாரத்தில் முதன்மையானது வடிகால். மற்றவை அதற்குத் துணை. மலையடிக்கும் வயலின் முதல் வரம்புக்கும் இடையே, ஊற்று வெளிப்படும் மட்டத்திற்குக் கீழிறங்குமாறு ஒரு குறுக்குக் கான் வெட்டுதல் வேண்டும். மேலெழுந்தவாரியாக ஒரு சாண் ஆழத்தில் வெட்டிய கான் மழைநீரை மட்டும் தடுக்கும். மண்ணுக்குள் வரும் கசிவு அதன் அடியாலேயே வயலுக்குட் புகும். கானின் மேற்பக்கச் சுவரிலிருந்து நீர் ஒழுகுவது கண்ணுக்குத் தெரிந்தால் ஆழம் போதும் எனக் கொள்க.

நீர் கட்டிய முதற் சில கிழமைகளில் இரும்பு உச்சத்திற்கு ஏறிப் பின்னர் இறங்கும். ஆதலால் இவ்வகை வயலை முன்னதாகவே நீர் கட்டி உழுது, அந்த உச்சம் தணிந்தபின் நாற்று நடுவது நன்று. நட்ட 25 முதல் 30 நாட்களில் வயலை வடித்து, மண் வெடிக்காது ஈரமாக மட்டும் இருக்குமாறு ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை விட்டால், காற்று உட்புகுந்து இரும்பு மீண்டும் துருவாகிப் படிந்துவிடும். அறுவடைக்குப் பின் நிலத்தைச் சேற்றோடு கிடக்க விடாமல் உலர உழுதலும் இதே பயனைத் தரும். பொற்றாசியம் குறைந்த பயிரின் வேர் இரும்பை எதிர்க்கும் ஆற்றலை இழக்கும். இப்பாத்திகளுக்குப் பொற்றாசியப் பசளையை விட்டுவிடுதல் கூடாது. நைதரசனுக்கு அமோனியம் சல்பேற்றை விட யூரியாவே இங்கு ஏற்றது. முன்னது மண்ணின் புளிப்பை மிகுவிக்கும். பச்சை வைக்கோலையும் பசுந்தாளையும் இப்பாத்தியில் மட்டும் சேற்றோடு மிதித்தல் தவிர்க்கத்தக்கது. அவை அழுகும்போது மண்ணின் ஒட்சிசனை மேலும் குடித்துவிடும். நன்கு உக்கிய கூட்டெருவால் அத்தகைய கேடில்லை. பொம்புவெல ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நெல்லினங்களுள் பி. டபிள்யூ. 267-3 போன்றவை இரும்பைத் தாங்குவன. எனினும் அவை தாழ்நாட்டு ஈரவலயத்திற்கென எழுந்தவை. உயர்ந்த குளிர்ப் பகுதியினர் தம் விவசாயப் போதனாசிரியரைக் கலந்து, ஒரு பாத்தியில் முதலில் இட்டுப் பார்த்தல் வேண்டும்.

குறுக்குக் கானை ஆண்டுதோறும் பெருமழைக்கு முன் துப்புரவு செய்க. அதன் அடியிற் படியும் செம்மஞ்சட் சேற்றை அள்ளி வயலுக்குள் எறியாது, கானின் மலைப்பக்கத்தை விட்டு வெளியே அகற்றி இடுதல் வேண்டும். வயலைக் கெடுக்கும் இரும்பே அச்சேறாகப் படிந்திருப்பது. கான் நீர் அடுத்தவர் வயலில் விழாது ஓடையிற் சேருமாறு, வெட்டத் தொடங்குமுன்பே கீழ் வயற்காரரோடு பேசி வழி ஒழுங்கு செய்துகொள்க. இணங்காவிடத்துக் கமநல சேவை நிலையத்தில் முறையிடலாம்.